நுரைக்கும் சிறுநீர்: அந்த க்ரீமை உடனே நிறுத்துங்கள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. இரண்டு மாதமாகக் கால் வீங்குகிறது, சிறுநீர் நுரையாகப் போகிறது. பயாப்சியில் ‘மெம்பரனஸ் நெஃப்ரோபதி, நெல்-1 பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. தை மாதம் கல்யாணம். பார்லரில் வாங்கிய க்ரீம் போட்டு முகம் இப்போதுதான் பளிச்சென்று ஆகியிருக்கிறது, அதற்குள் இப்படி. ஏன் வந்தது? சரியாகுமா?

பதில்: அம்மா, அந்த க்ரீமை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. அவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் போடோசைட் என்ற செல்கள் வெளியே இருந்து பற்றிக்கொண்டிருக்கும். இரண்டு கை விரல்களையும் கோர்த்துப் பாருங்கள், அப்படித்தான். விரலிடுக்கில் தண்ணீரும் கழிவும் இறங்கும், புரதம் உள்ளேயே நின்றுவிடும். உங்கள் மகளுக்கு இந்தச் செல்களுக்கு அடியில் ஆன்டிபாடிகள் படிந்து, விரல்கள் மழுங்கிப் போயிருக்கின்றன. இதுதான் மெம்பரனஸ் நெஃப்ரோபதி. ஒழுகும் புரதம்தான் நுரை. ரத்தத்தில் அது குறைவதால் வீக்கம்.

நெல்-1 என்பது ஒரு புரதத்தின் பெயர், வயலில் விளையும் நெல் இல்லை. இந்த நோயில் இது அபூர்வமான வகை, 2020இல்தான் அடையாளம் கண்டார்கள். இதைப் பார்த்ததும் நாங்கள் விசாரிப்பது பாதரசத்தை. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். இப்படிப்பட்ட சில க்ரீம்களில் கலக்கும் பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் அந்தப் பளிச். தோல் வழியாக அது ரத்தத்திலும் சேரும். கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோமே, அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாளா என்றும் கேளுங்கள். அதிலும் இதே பாதிப்பு வந்திருக்கிறது. சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, புற்றுநோயோடும் இது வரலாம் என்பதால் டாக்டர் சில பரிசோதனைகள் எழுதுவார். பயந்துவிடாதீர்கள்.

சரியாகுமா? க்ரீமை நிறுத்திய பலருக்குச் சில மாதங்களில் புரத ஒழுக்கு குறைந்திருக்கிறது, முழுதாக நின்றவர்களும் உண்டு. ஸ்டீராய்டு தேவையா என்பதைச் சிறுநீரக டாக்டர் முடிவு செய்யட்டும். அதுவரை உப்பைக் குறையுங்கள், வலி மாத்திரை வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்யாணம் என்கிறீர்கள், ஒன்றை மறக்க வேண்டாம்: புரதத்தைக் குறைக்கத் தரும் சில பிரஷர் மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. குழந்தை பற்றி யோசிக்கும் முன் டாக்டரிடம் பேசட்டும்.

க்ரீம் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். அவள் துண்டையும் தலையணை உறையையும் வேறு யாராவது பயன்படுத்தியிருந்தால், அவர்களுக்கும் ஒரு சிறுநீர் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.