பாட்டும் பட்டியலும்

அன்புள்ள அம்மா,

தாராவி கிராஸ் ரோட்டில் இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து தமிழிலும் இந்தியிலும் ராப் பாடுகிறோம். எனக்கு இந்த ஆசையைக் கொடுத்ததே அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட்தான். இப்போது அவர் பெயரைச் சொன்னாலே, 'அவனையா இன்னும் கேட்கிறாய்?' என்கிறார்கள். அவருக்கு மனநோய் இருக்கிறது, அதை அவரே சொல்லியிருக்கிறார். பெரிய கம்பெனிகளை எதிர்த்ததால் மீடியா அவரை ஒழித்துக்கட்டியது என்பது என் எண்ணம். யூதர்களைப் பற்றிச் சொன்னது தப்புதான். ஆனால் தாராவியில் இருக்கும் நமக்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம்? கலையை எடுத்துக்கொண்டு கலைஞனை விட்டுவிடலாமா? எங்கள் குழுவை விட்டுப் பிரிந்தவனைத் திட்டி நான் எழுதிய பாட்டையும் அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ம., தாராவி

அன்புள்ள ம.,

உன் கடிதம் வந்த நேரத்தில் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பீகாரிகளைக் கிண்டலடித்து அடுக்குமொழியில் நாலு வரி. அனுப்பியவர் செம்பூரில் ரிடையர் ஆகி உட்கார்ந்திருக்கும் அண்ணன் முறைக்காரர். கீழே ஒரு கூட்டமே சிரித்து வைத்திருந்தது, எல்லாரும் மும்பைத் தமிழர்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் நீ வந்து மாட்டிக்கொண்டாய். கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

கான்யேயைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்து ஒன்றரைப் பக்கம் வாழ்க்கை வரலாறு எழுதியிருந்தாய். அதை இங்கே வெட்டிவிட்டேன். என் மகன் படிக்கிற காலத்தில் வீட்டில் விடாமல் ஓடிய குரல் தம்பி அது. 2002-ல் கார் விபத்தில் தாடை உடைந்து, கம்பி போட்டுக் கட்டிய வாயோடு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடிய மனுஷன். அந்தப் பாட்டில் சொற்கள் பல்லிடுக்கில் சிக்கிச் சிக்கி வருவதை இன்றைக்கும் கேட்கலாம். அவருடைய அம்மா ஆங்கிலப் பேராசிரியர். 2007-ல் ஓர் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையை அதட்ட வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று என்று எனக்குத் தோன்றும். தாய் மனசு, விடு.

2005-ல் கத்ரீனா புயல் நிவாரண நிகழ்ச்சியில், நேரலையில், எழுதிக் கொடுத்ததை ஓரம் கட்டிவிட்டு, 'ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கறுப்பின மக்கள்மேல் அக்கறை கிடையாது' என்றார். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னார். எதிரே இருந்தது நாட்டின் அதிபர். அவருக்குப் பதில் சொல்ல வாயும் இருந்தது, மேடையும் இருந்தது. பதவியை விட்டு இறங்கிய பிறகும், 2010-ல், அந்த வார்த்தை எப்படிச் சுட்டது என்று புஷ் பேசினார். வசைபாடக் காளமேகம் என்று பெருமை பேசுகிற நமக்கு இந்த ருசி தெரியாதா என்ன? 2009-ல் விருது மேடையில் 19 வயதுப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியது அராஜகம். டெய்லரும் பிற்பாடு பாட்டிலேயே திருப்பிக் கொடுத்தார். 2024-ல் ராப் பாடகர்கள் டிரேக்கும் கென்ட்ரிக் லமாரும் மாற்றி மாற்றிப் பாட்டுப் போட்டு அடித்துக்கொண்டார்களே, அதையும் நான் ரசித்தேன். (டிரேக் கடைசியில் பாட்டை விட்டுவிட்டு ரெக்கார்டு கம்பெனிமேல் கேஸ் போட்டார். 2025 அக்டோபரில் அது தள்ளுபடி ஆனது தனிக் கூத்து.)

2022 அக்டோபரில் கான்யே செய்தது இந்தக் கணக்கிலேயே வராது. யூதர்கள்மேல் போருக்குப் போவதுபோல ட்வீட் போட்டார். மீடியா அவர்கள் பிடியில் இருக்கிறது என்று பேட்டிக்குப் பேட்டி பேசினார். அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலத்தில், யூதர்களைப் பற்றி கான்யே சொல்வது சரி என்று சிலர் பேனர் கட்டி நாஜி வணக்கம் வைத்தார்கள். அவரோடு சேர்ந்து ஷூ விற்ற அடிடாஸ் உறவை முறித்துக்கொண்டது அதற்கப்புறம்தான். மீடியா ஒழித்தது என்கிறாயே, அந்தப் பேனரையும் மீடியாவா கட்டியது?

நோயைப் பற்றி ஒரே வரி. அந்த நோயோடு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற எத்தனையோ பேர் ஹிட்லரைப் புகழவில்லை.

'நமக்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்டாய் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் வந்து இறங்கும் சசூன் டாக் யார் பெயரில் இருக்கிறது? பாக்தாதிலிருந்து இந்த ஊருக்கு வந்த யூதக் குடும்பத்தின் பெயர் அது. 2008 நவம்பரில் கொலாபா நரிமன் ஹவுஸுக்குள் புகுந்த தீவிரவாதிகள் அங்கிருந்த ரப்பியையும் (யூத மதகுரு) கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றார்கள். அவர்களுடைய குழந்தையை ஆயா தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். நீ பிறந்து வளர்ந்த ஊர் இது.

அதையும் விடு. பட்டியல் போடுவது என்றால் என்னவென்று உன் தாத்தாவைக் கேள். அறுபதுகளில் 'மார்மிக்' என்கிற மராத்திக் கார்ட்டூன் வார இதழில், இந்த ஊர் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாக அச்சடித்தார்கள். 'வேலையெல்லாம் இவர்கள் பிடியில்' என்பதுதான் அதன் சாரம். நடத்தியவர் பால் தாக்கரே. 1966-ல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்தது. எல்லார் வாயிலும் ஒரு கோஷம் புழங்கியது: 'பஜாவோ புங்கி, ஹடாவோ லுங்கி.' ஊதுகுழலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு என்று அர்த்தம்; லுங்கி என்றது நம்மைத்தான். சொல்லிப் பார், எப்படிப் போய் உட்காருகிறது! உங்களில் யார் எழுதியிருந்தாலும் கைதட்டல் விழும்.

நாங்கள் அப்போது சயான் கோலிவாடாவில் ஒரு சாலில் (ஒரே நடையை ஒட்டிய வரிசை வீடுகள்) இருந்தோம். என் தங்கைக்கு நாலைந்து வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, பொது நடையில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னைத் தட்டித் தட்டி அதைப் பாடிக்கொண்டிருந்தாள். நல்ல தாளம். ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. டின்னை வாங்கிப் பரண்மேல் வைத்தார். அம்மாவிடம், "வாசல்ல காயுற வேட்டிய உள்ள எடு" என்றார். அப்புறம் வெகுகாலம் எங்கள் வீட்டு வேட்டிகள் அடுப்புக்கு மேலே கொடியில்தான் காய்ந்தன. மழைக்காலத்தில் அவற்றில் கெரசின் வாடை அடிக்கும். கோயிலுக்குக்கூட அப்பா பேண்ட் போட்டுக்கொண்டு போய், அங்கே ஒரு சிநேகிதர் வீட்டில் மாற்றிக்கொள்வார்.

அந்தக் கோஷத்துக்கு என் அப்பா என்ன பதில் பாட்டுப் பாடியிருக்க முடியும், சொல்லு. அது அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. அவர் சோம்பேறி என்றிருந்தால் மறுத்திருப்பார், கஞ்சன் என்றிருந்தால் சிரித்திருப்பார். அவர் கட்டியிருந்த துணியை வைத்துத் துரத்தச் சொன்னது. அதற்கு வேட்டியை உள்ளே எடுப்பதைத் தவிர ஒரு மில் தொழிலாளி என்ன செய்வார்? அப்படிப்பட்ட வேட்டிகளின் பேரன்தான் நீயும். நீ வந்து 'நமக்கென்ன' என்கிறாய்.

கான்யேயைக் கேட்கலாமா என்றாய். கேள், ஹெட்போன் உன்னுடையது. கம்பி போட்ட வாயோடு பாடிய அந்தப் பாட்டு இருக்கிற 2004 ஆல்பத்தை நான் இப்போதும் கேட்பேன், ஹிட்லரைப் போற்றி 2025-ல் போட்டதைத் தொட மாட்டேன்.

உன் பாட்டுக்கு வருகிறேன். ஏழாவது வரியில் 'பையா' என்று, வடக்கத்தியரை இந்த ஊரில் ஏளனமாகக் கூப்பிடுகிற சொல்லில் ஆரம்பித்து அவனுடைய மாநிலத்தையே இழுத்திருக்கிறாய். அந்த வரியையும் அடுத்ததையும் வெட்டு. மைக் வாங்கப் போட்ட பணத்தைத் திருப்பித் தராமல் தீபாவளிக்குப் புது ஷூ போட்டு வந்தான் என்று எழுதியிருக்கிறாயே, அது பிரமாதம், அதிலிருந்து ஆரம்பி. நடுவில் இங்கிலீஷ் கொஞ்சம் தூக்கல். அவன் பதில் பாட்டுப் போட்டால் அதையும் அனுப்பு.