கவலை தெரியாமலா பாடினார்கள்?

அன்புள்ள அக்கா,

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். மகளிர் தினத்துக்கு மாணவிகள் ஆட ஒரு துள்ளல் பாட்டு தேடுகிறோம். எது வந்தாலும் கலங்காத, ஜாலியான ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டாக இருக்க வேண்டும். சினிமாப் பாட்டு எடுக்கலாமா, நாட்டுப்புறப் பாட்டா? அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்களுக்குக் கவலை கிடையாது, அதனால்தான் அவ்வளவு சந்தோஷமாகப் பாடினார்கள். இன்றைய பிள்ளைகளுக்குத்தான் தொட்டதற்கெல்லாம் டென்ஷன்.

அன்புள்ள தம்பி,

சினிமாவா நாட்டுப்புறமா என்பது பெரிய விஷயமே இல்லை. தாளம் நன்றாக இருந்தால் பிள்ளைகள் ஆடிவிடுவார்கள். நம் பரவை முனியம்மாவை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? 2003-இல் 'தூள்' படம் வந்த பிறகு ஊரெல்லாம் அவரைத் தெரிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மேடை மேடையாக நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரிகள்தான். எங்கள் ஊரில் போன நடவு முழுக்க எந்திரத்தில் முடிந்தது, ஒரு பாட்டுச் சத்தம் இல்லை. அதிலிருந்தே இந்த நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

நான் வாடிப்பட்டிப் பக்கத்துக்காரி. 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி, மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தண்ணீரில்தான் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் விளைகிறது. நிலத்துக்காரருக்கு அது இரண்டு விளைச்சல். பெண்களுக்கோ வருஷத்தில் இரண்டு தடவை இடுப்பொடியும் நடவு.

குனிந்தபடியே பின்னால் நகர வேண்டும். இடது கையில் நாற்று முடி. வலது கை பிரித்துப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். ஒருத்தி பிந்தினால் வரிசை கோணிவிடும். பாட்டுக்காரி ஒரு அடி எடுப்பாள். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடி முடிப்பதற்குள் அத்தனை கைகளும் ஒரே வேகத்துக்கு வந்துவிடும். வெயில் ஏறி ஆட்கள் சோரும்போது பாட்டு இன்னும் வேகமெடுக்கும். நீங்கள் கேட்கிற துள்ளல் அங்கே பிறந்தது, தம்பி.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். கையில் மூன்று பிள்ளைகள். வயலில் அவர்தான் முதல் அடி எடுப்பார்.

கட்டுனவன் போனா என்னடி – நான்
நட்ட பயிர் நிக்குது பாரடி

பாடிவிட்டுச் சிரிப்பார். வரிசையே சிரிக்கும், குலவை போடும். சாயங்காலம் கூலி நெல் அளக்கும்போது அதே பெரியம்மா படியின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். தலை தட்டி அளந்தால் விடமாட்டார், மறுபடி அளக்கச் சொல்வார். கடைப் பாக்கி, சின்னவன் காய்ச்சல், ஒழுகுகிற கூரை, எல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அத்தனையையும் வைத்துக்கொண்டுதான் பாடினார்.

கவலை கிடையாது என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? உங்கள் ஆச்சியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். மாணவிகளின் டென்ஷனையும் இளக்காரமாகப் பேசாதீர்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்கள்.

சினிமாத் துள்ளல் பாட்டில் எனக்கு ஒரே வருத்தம். நாயகியை மட்டும்தான் காட்டுகிறார்கள். பின்பாட்டுப் பாடுகிறவர்களுக்கு முகமே இருப்பதில்லை. அந்தப் பெரியம்மாவைத் தனியாக நிறுத்திப் பாடச் சொல்லியிருந்தால் ஒரு வரி வந்திருக்காது. எதிர்க்குரல் வந்தால்தான் அவருக்கு அடுத்த அடி வரும்.

பெண்பிள்ளைகள் சந்தோஷமாக ஆடட்டும் என்று நினைக்கிற நல்ல மனசு உங்களுக்கு. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். அந்த மாணவிகளின் அம்மாக்களில் நடவுக்குப் போனவர்கள் கட்டாயம் இருப்பார்கள். நாலைந்து பேரை அழைத்து வந்து பாடச் சொல்லுங்கள், பிள்ளைகள் பின்பாட்டுப் பாடி ஆடட்டும். வருகிறவர்களுக்கு வேன் வாடகையும் அன்றைய கூலியும் கல்லூரி கொடுக்கட்டும். வெறும் சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா