ஐரோப்பாவில் காரில் பல நாடுகளைக் கடக்கும்போது கேட்கப்படும் 'விக்னெட்' என்பது என்ன?

ஒரு நாட்டின் நெடுஞ்சாலைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த முன்பணமாகக் கட்டும் சுங்கம்தான் விக்னெட். கண்ணாடியில் ஒட்டும் வில்லையாகவோ, வண்டி எண்ணுடன் இணைந்த மின்பதிவாகவோ இருக்கும்.

பிரான்ஸ், இத்தாலியில் பெரும்பாலும் ஓடிய தூரத்துக்கேற்பச் சுங்கம். ஜெர்மனியில் கார்களுக்கு அதுவும் இல்லை. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்றவை காலத்தைக் கணக்கிடுகின்றன. சாவடிதோறும் வண்டிகள் நின்று நெரிசலாவது இதனால் குறைகிறது. ஸ்லோவேனியா 2008இல் இம்முறைக்கு மாறியது. தூரத்துக்கேற்ற சுங்கம் பஸ் டிக்கெட் என்றால், விக்னெட் பஸ் பாஸ்.

ஆஸ்திரியாவில் பத்து நாளுக்கும் வாங்கலாம். சுவிட்சர்லாந்திலோ ஆண்டு விக்னெட் மட்டுமே, 40 பிராங்க். ஒரே நாளில் கடந்து போகிறவருக்கு எரிச்சல்தான்!

எல்லையில் பெரும்பாலும் சோதனை இல்லாததால் ஒரே விக்னெட் எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். செல்லாது, ஆஸ்திரியாவுக்குள்ளேயே பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிச் சுங்கம் உண்டு.