ஆக்கியவரே நடத்தினால் அதுதான் கடைசி வார்த்தையா?

கேள்வி: இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) சமீபத்தில் நேரில் கேட்டேன். இன்னும் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு சிடி வாங்கலாம் என்று தேடினால் ரிக்டர், ஆஸ்போர்ன், ஆன்ட்ஸ்னெஸ் என்று பியானோ கலைஞர்களின் பதிவுகள் வரிசையாக வருகின்றன. ரிக்டர் பதிவில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் பிரிட்டனே என்கிறார்கள். அப்படியென்றால் மற்றதெல்லாம் எதற்கு? இன்னொரு சந்தேகம்: நான் கேட்டது நான்கு பகுதி. ஆஸ்போர்ன் ஆல்பத்தில் மட்டும் இந்தப் படைப்புக்கு ஐந்து டிராக் இருக்கிறதே, எது சரி?

பதில்: தமிழில் தேடியிருந்தால் உங்களுக்கு முதலில் பிரிட்டன் நாட்டு விசாதான் வந்திருக்கும், அவர் பெயரும் நாட்டின் பெயரும் நம் எழுத்தில் ஒன்றே. அதைத் தாண்டி வந்ததற்கே பாராட்டு.

ஐந்தாவது டிராக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது தெளிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

இந்தக் கான்செர்ட்டோ முதலில் ஒலித்தது 1938 ஆகஸ்ட் 18 அன்று, லண்டன் குயின்ஸ் ஹாலில், புரோம்ஸ் கச்சேரி வரிசையில். ஹென்றி உட் நடத்தினார், பியானோவில் பிரிட்டனே. வயது 24. டொக்காட்டா (விரல் வேகத்தைக் காட்டும் பகுதி), வால்ட்ஸ் (சுழல் நடனம்), மார்ச் (அணிவகுப்பு இசை) என்ற மூன்றும் இன்று நாம் கேட்பவைதான். ஆனால் மூன்றாவது இடத்தில் அன்று இருந்தது ‘ரெசிடட்டிவ் அண்ட் ஏரியா’ (ஆபராவில் பேச்சு போல வருவதும் அதைத் தொடரும் பாட்டும்) என்ற வேறொரு பகுதி. அதில் ஊதுகருவிகள் ஒவ்வொன்றாக முகத்தை நீட்டிக்கொண்டு பேச வரும்; பியானோ குறுக்கே புகுந்து கிண்டலடிக்கும். சிரிப்பு வரும், ஆனால் அடுத்து வரும் மார்ச்சும் கிண்டல்தான் என்பதால் எனக்கு ஒரு கட்டத்தில் திகட்டிவிடும். பிரிட்டனுக்கும் பின்னாளில் அது சரியாகப் படவில்லை. 1945-இல் அதைத் தூக்கிவிட்டு ‘இம்ப்ராம்ப்டு’ என்ற பகுதியை எழுதி வைத்தார். அதன் மெட்டு புதிதல்ல. ஆர்தர் மன்னன் கதையை வைத்து பிபிசி வானொலி 1937-இல் ஒலிபரப்பிய நாடகத்துக்கு அவரே போட்ட இசையிலிருந்து எடுத்தது. ஆக, புதிதாகச் செருகப்பட்ட பகுதியின் மெட்டு, மொத்தக் கான்செர்ட்டோவையும்விட ஒரு வயது மூத்தது!

நீங்கள் மேடையில் கேட்டது 1945 வடிவம். இன்று எல்லோரும் வாசிப்பது அதைத்தான். ஆஸ்போர்ன் அந்த நான்கையும் வாசித்துவிட்டு, கழற்றி வைக்கப்பட்ட பழைய பகுதியைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். மூன்றாவது டிராக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐந்தாவதைப் போட்டு ஒரு பிளேலிஸ்ட் செய்தால் 1938-ஐக் கிட்டத்தட்டக் கேட்கலாம். ‘கிட்டத்தட்ட’ என்பதற்குக் காரணம், மற்ற இடங்களிலும் அவர் கொஞ்சம் கை வைத்திருந்தார்.

இனி ரிக்டர். டெக்கா நிறுவனம் 1970 டிசம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஸ்நேப் மால்டிங்ஸ் அரங்கில் பதிவு செய்தது; வாசித்தது இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. பீருக்குப் பார்லியை முளைகட்டிக் காயவைத்த பழைய கட்டடம் அது. 1967-இல் இசை அரங்கமாயிற்று, 1969-இல் தீயில் எரிந்தது, 1970-இல் மறுபடி எழுந்தது. செங்கல் சுவரும் மரக்கூரையும் சேர்ந்து தரும் அந்தக் கதகதப்பு பதிவு முழுக்க இருக்கிறது. இந்தக் கான்செர்ட்டோவை எழுதிய 1938-இல்தான் பிரிட்டன் அதே ஸ்நேப் கிராமத்தில் பழைய காற்றாலை ஒன்றை வீடாக்கிக் குடிவந்தார். அதனால் இதைப் பிறந்த வீட்டுப் பதிவு என்று சொல்வது மிகையில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நடத்துபவருக்கு அப்போது 57 வயது, ரிக்டருக்கு 55. எழுதியவனோ 24 வயதுப் பையன், கைவரிசையைக் காட்டத் துடித்தவன். ஆக்கியவர் நடத்துகிறார் என்பது உண்மை, ஆனால் 32 வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்து நடத்துகிறார். டொக்காட்டாவில் அது தெரிகிறது. ரிக்டர் விசைகளில் இறங்குகிற கனம் பயமுறுத்தும். இருந்தும் அந்தப் பகுதியின் துடுக்குத்தனம் கொஞ்சம் அடங்கித்தான் ஒலிக்கிறது.

இம்ப்ராம்ப்டுவில் நிலைமை தலைகீழ். பியானோ தனியாக அந்த மெட்டைச் சொல்லி முடிக்கும். பிறகு ஆர்கெஸ்ட்ரா அதை வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்ல, பியானோ அதைச் சுற்றிக் கோலம் போடும். நிரவல் மாதிரி என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அது நேர் எதிர். நிரவலில் வரி நிற்கும், மெட்டு நகரும். இங்கே மெட்டு அசையாமல் நிற்க, சுற்றியிருக்கும் எல்லாம் நகர்கிறது. ரிக்டர் அந்த முதல் வாசிப்பை ஒரு அலங்காரமும் இல்லாமல், சொல்ல விருப்பமில்லாத எதையோ சொல்வதுபோல வாசிக்கிறார். நான் கேட்ட வேறு எந்தப் பதிவிலும் அந்த ஒரு நிமிஷம் இப்படி அமையவில்லை. வாங்காவிட்டாலும் இதை மட்டுமாவது ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிடுங்கள்.

ஆஸ்போர்ன் பதிவு ஹைப்பீரியன் வெளியீடு, 2008. இலன் வோல்கோவ் நடத்த பிபிசி ஸ்காட்டிஷ் சிம்பனி வாசிக்கிறது. டொக்காட்டாவில் 24 வயதுப் பையன் இங்கேதான் இருக்கிறான்: வேகம், குறும்பு, ஆனால் ஒரு ஸ்வரம்கூட மசமசப்பதில்லை. வால்ட்ஸும் பிரமாதம். அது தயங்கித் தயங்கி, தனி வயோலாவின் சன்னமான குரலில் தொடங்கி, போகப்போகப் பூதாகரமாகும். அதே 1938-இன் மார்ச் மாதத்தில்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்த வியன்னா நடனம் கொஞ்சம் அச்சமூட்டும். பிரிட்டன் அப்படி நினைத்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடைசி மார்ச் பகுதியில் ஓரிடம்: பியானோ தனி ஆவர்த்தனம் போலக் கடென்சாவில் பாயும்போது அடியில் பெரிய டிரம்மும் ஜால்ராவும் மெதுவாகக் கூட வரும். பதிவுகளை ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது. ஃபோன் ஸ்பீக்கரில் அந்த டிரம் இருக்கிறதே தெரியாது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். ஒலியளவையும் ஒவ்வொரு பதிவுக்கும் சமப்படுத்திக்கொள்ளுங்கள். 1970-இன் டேப்பையும் 2008-இன் டிஜிட்டலையும் ஒரே வால்யூம் எண்ணில் வைத்தால், சத்தமாக ஒலிப்பதுதான் நல்ல வாசிப்பு என்று காது ஏமாந்துவிடும்.

ஆன்ட்ஸ்னெஸ் பதிவு (ஈஎம்ஐ, நடத்தியவர் பாவோ யார்வி, பர்மிங்ஹாம் ஆர்கெஸ்ட்ரா) பளபளப்பானது. கூடவே ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்ட்டோ இருப்பதால் இரண்டு கிண்டல்காரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இம்ப்ராம்ப்டு மட்டும் எனக்குச் சற்று அழகாகிப்போனதாகத் தோன்றும். ஹோவர்ட் ஷெல்லி (சாண்டோஸ், நடத்தியவர் எட்வர்ட் கார்ட்னர்) குறை சொல்ல முடியாதது. பிரிட்டனின் வயலின் கான்செர்ட்டோ டாஸ்மின் லிட்டில் வாசிப்பில் சேர்ந்தே கிடைக்கிறது. கையைக் கடிக்காத விலையில் வேண்டுமென்றால் நாக்ஸோஸ் வெளியிட்டிருக்கும் ஜோனா மெக்ரெகர்; ரிக்டருடன் வாசித்த அதே ஆர்கெஸ்ட்ராதான், நடத்தியவர் ஸ்டூவர்ட் பெட்ஃபோர்ட்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் ஆஸ்போர்ன். மூன்றாம் பகுதியின் பழைய, புதிய வடிவங்கள் இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. இடது கைக்கு மட்டுமே எழுதப்பட்ட ‘டைவர்ஷன்ஸ்’ என்ற பிரிட்டனின் இன்னொரு படைப்பும் உபரி. இரண்டாவதுக்குக் காசு சேர்ந்ததும் ரிக்டர்.

எந்த ஆப்பில் கேட்டாலும் முதலில் செட்டிங்ஸுக்குள் போய் இடைவெளியில்லாமல் ஓடும் வசதியைப் போட்டுவிடுங்கள். இம்ப்ராம்ப்டு முடிகிற மூச்சிலேயே மார்ச் தொடங்க வேண்டும். நடுவே ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் அந்த இடம் செத்துவிடும்.