ரோஜர் ஷெல்லின் கள்ளக்கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைபர் பாதுகாப்பில் பெரிய பொறுப்பில் இருப்பவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தால், கொஞ்ச காலம் ராணுவம், கொஞ்ச காலம் கம்பெனி, பிறகு ஆராய்ச்சி என்று போகிறது. நான் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவில் இருக்கிறேன். அலர்ட் வரும், பார்ப்பேன், மூடுவேன். இப்படி இடம் மாறுகிறவர்களுக்கு எதிலாவது ஆழம் வருமா? இல்லை, ஒரே இடத்தில் இருக்கும் நான்தான் தேங்கிப்போகிறேனா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ரோஜர் ஷெல்தான் நினைவுக்கு வந்தார். அமெரிக்க விமானப்படையில் கர்னலாக இருந்தவர். எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம். மான்டரேயில் உள்ள கடற்படை முதுகலைக் கல்லூரியில் பேராசிரியர். பாதுகாப்பான கணினிகளைச் செய்த ஜெமினி கம்ப்யூட்டர்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்புறம் நெட்வொர்க் மென்பொருள் நிறுவனமான நோவெல். வரிசையாகச் சொன்னால் நீங்கள் சந்தேகப்படும் தாவல் மாதிரியே இருக்கும். ஆனால் எங்கே போனாலும் அவர் விடாமல் பிடித்திருந்த கேள்வி ஒன்றுதான்: மென்பொருளை உருவாக்கும் இடத்திலேயே எதிரி புகுந்துவிட்டால் என்ன செய்வது?

1970களின் தொடக்கத்தில் மல்டிக்ஸ் மிகப் பாதுகாப்பான ஆபரேட்டிங் சிஸ்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியிருந்தது. அதை விமானப்படைக்காக உடைத்துப் பார்த்தவர்கள் பால் கார்கரும் ஷெல்லும். உடைத்ததோடு நிற்கவில்லை. மூலப் பிரதியிலேயே ஒரு கள்ளக்கதவை, அதாவது தெரிந்தவர் மட்டும் காவலைத் தாண்டி நுழையும் ரகசிய வழியை, வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கட்டளைகளுக்கு நடுவே பத்துக்கும் குறைவான கட்டளைகள். தயாரித்த நிறுவனமே அதைத் தன் கையால் எல்லா மல்டிக்ஸ் கணினிகளுக்கும் அனுப்பிவைத்தது. கதவு இருக்கிறது, இப்படித்தான் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் அந்த நிறுவனத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஷெல் பின்னாளில் எழுதினார்.

1974இல் வந்த கார்கர், ஷெல் இருவரின் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித்தரும் மென்பொருள்தான் கம்பைலர். கள்ளக்கதவை அதற்குள் வைத்துவிட்டால், நிரலை எத்தனை முறை புதிதாகக் கம்பைல் செய்தாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்றது. 1984இல் வெளியான தன் டூரிங் விருது (கணினித் துறையின் உயரிய விருது) உரையில், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் உலகறியச் செய்தது இந்த யோசனையைத்தான். அதை ஒரு விமானப்படை ஆவணத்தில் படித்ததாக அவரே குறிப்பிட்டார்.

வெறும் பல்கலைக்கழக வேலையாக இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். நிஜமான ஒரு தயாரிப்பைத் தாக்கிப் பார்க்கும் அவசரமும் அதிகாரமும் ராணுவத்திடம் இருந்தன. எங்கே கை வைக்கலாம் என்பது, முனைவர் பட்டத்துக்கு மல்டிக்ஸையே ஆராய்ந்த ஷெல்லுக்குத் தெரிந்திருந்தது. 1972இல் அவர் முயற்சியால் வந்த ஆண்டர்சன் அறிக்கை ஒரு பதிலையும் முன்வைத்தது. தகவலைத் தொடும் ஒவ்வொரு முயற்சியும் ஒரே காவல் வழியாகப் போக வேண்டும். அந்தக் காவலை யாரும் திருத்த முடியக் கூடாது. முழுதாகச் சரிபார்க்கும் அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். 1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட, கணினிகளின் பாதுகாப்பைத் தரம் பிரிக்கும் 'ஆரஞ்சுப் புத்தகம்' இந்த அடித்தளத்தில் எழுந்தது. அதை வெளியிட்ட மையத்தின் துணை இயக்குநராக இருந்தவர் ஷெல்.

தொழில்துறைக்குப் போனதும், தான் வகுத்த அளவுகோலுக்கு ஏற்ற கணினியைத் தானே தயாரிக்க வேண்டியிருந்தது. ஜெமினியின் சிஸ்டம் ஆரஞ்சுப் புத்தகத்தின் உச்சமான ஏ1 தரத்தை எட்டியது. ஆனால் சந்தை அதன் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. ஏ1 தரத்தைச் செய்து காட்ட முடியும், ஆனால் அதைக் கேட்டு வாங்க ஆள் குறைவு என்பதை விற்கப் போனவர்தான் அனுபவித்து அறிய முடியும்.

சரி, உங்கள் விஷயம். சோலார்விண்ட்ஸ், நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்யும் நிறுவனம். 2020இல் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் அந்த நிறுவனத்தின் கையெழுத்தோடு வந்த அப்டேட்டுக்குள்ளேயே கள்ளக்கதவு இருந்தது. உள்ளே வந்ததும் இரண்டு வாரம் வரை சும்மா இருந்துவிட்டு, பிறகுதான் வெளியே பேச ஆரம்பித்தது. உங்கள் திரையில் இதுபோல ஒன்று வந்திருந்தால், 'தெரிந்த நிறுவனத்தின் மென்பொருள்தான்' என்று மூடியிருப்பீர்களா? ஷெல்லின் கேள்வி உங்கள் மேஜைக்கு தினமும் வருகிறது. ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு அந்தத் திரை கிடைப்பதில்லை. 'தெரிந்த நிறுவனம்' என்று சொல்லி மூடுகிற அலர்ட்டுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். எதை நம்பி மூடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேலை மாறுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

1974 அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கள்ளக்கதவு பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். மல்டிக்ஸின் உள்விவரங்கள் புரியாத இடங்களைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை.