அமெரிக்க அரசியல்ல ஐரிஷ்காரங்க – கேள்வி பதில்

19ஆம் நூற்றாண்டுல அமெரிக்கா போன ஐரிஷ் மக்களோட அரசியல் பத்தி நீங்க கேட்டதுக்கெல்லாம் இங்க பதில். ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், மீம்ல பார்த்ததை வரலாறுன்னு எடுத்துட்டு வராதீங்க.

கேள்வி: 1840கள்ல அயர்லாந்துல வந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வெறுங்கையோட வந்தவங்க எப்படி நாப்பது வருஷத்துக்குள்ள நியூயார்க்கையே பிடிச்சாங்க?

பதில்: ஓட்டு. 1790 சட்டப்படி வெள்ளைக்காரங்க மட்டும் குடியுரிமை வாங்கலாம், 1802லேர்ந்து அதுக்கு அஞ்சு வருஷம் குடியிருந்தா போதும், ஆம்பளைங்களுக்கு ஓட்டும் வந்துடும். சீனர்களுக்கு இந்தக் கதவு மூடியே இருந்துச்சு, இதை விட்டுட்டு ஐரிஷ் உழைப்பை மட்டும் பேசினா பாதிக் கதைதான். அதோட அரசியலும் இவங்களுக்குப் புதுசில்ல. 1820கள்லயே டேனியல் ஓ'கானல் அயர்லாந்துல மாசம் ஒரு பென்னி சந்தா பிரிச்சு ஊர் ஊரா அமைப்பு கட்டி, 1829ல கத்தோலிக்கர் பார்லிமென்ட்ல உட்கார்ற உரிமையை வாங்கியே காட்டினார், கப்பல் ஏறினவங்க அந்தப் பழக்கத்தோடதான் ஏறினாங்க.

டாமனி ஹால், அதாவது நியூயார்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவச்ச அமைப்பு, ஆரம்பத்துல இவங்களை மதிக்கவே இல்ல. 1817ல இவங்க கேட்ட வேட்பாளரை நிறுத்தலைன்னு கூட்டத்துக்குள்ள புகுந்து அடிதடியே ஆச்சு. அப்புறம் ஆள் பலம் ஏற ஏற நிலைமை மாறி 1870கள்ல ஜான் கெல்லி தலைவர், 1880 தேர்தல்ல வில்லியம் கிரேஸ் நகரத்தோட முதல் ஐரிஷ் கத்தோலிக்க மேயர்.

வார்டுல எப்படி வேலை நடந்துச்சுன்னா ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட்டைப் பாருங்க, டாமனியோட உள்ளூர்த் தலைவர், ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை. அவர் ஏரியாவுல தீப்பிடிச்சா நேரங்காலம் பார்க்காம ஃபயர் இன்ஜின் வர்றப்பவே அவரோ அவர் ஆளுங்களோ அங்க நிப்பாங்க, நீ எந்தக் கட்சின்னு கேக்காம தங்க இடம், மாத்துத் துணி எல்லாம் உடனே. தர்ம சங்கங்கள் விசாரிச்சு முடிக்கவே நாள் ஆகும். அதே மனுஷன் பார்க் எங்க வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு நிலத்தை வாங்கிப்போட்டு சம்பாதிச்சவர், அதுல தப்பே இல்லன்னும் பேசினவர். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் டாமனி புரியும்.

கேள்வி: டாமனியோட பேர்போன ஊழல் தலைவர் ட்வீட் ஐரிஷ்தானே?

பதில்: இல்லைங்க. ஸ்காட்டிஷ் வம்சாவளி, புராட்டஸ்டன்ட்.

கேள்வி: என் ஃப்ரெண்டோட ஐரிஷ் மூதாதையரை எப்படித் தேடறது?

பதில்: அது வம்சாவளி ஆய்வு, என் துறை இல்ல. அயர்லாந்து தேசிய நூலகத்தோட சைட்ல கத்தோலிக்க தேவாலயங்களோட ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடுகள் இலவசமா இருக்கு.

கேள்வி: ஐரிஷ்காரங்களும் அடிமைகளாதானே இருந்தாங்க?

பதில்: இல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுல ஒப்பந்தக் கூலியா நிறைய பேர் போனாங்க, கட்டாயமா அனுப்பப்பட்டவங்களும் உண்டு, கொடுமையும் உண்டு. ஆனா ஒப்பந்தத்துக்குக் கெடு இருந்துச்சு, பிள்ளைங்க பிறக்கும்போதே அடிமையா பிறக்கல. கறுப்பின அடிமைமுறையோட இதை சமமா வைக்காதீங்க.

கேள்வி: 'ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்'ங்கிற வேலை விளம்பரமெல்லாம் கட்டுக்கதைன்னு ஒரு பேராசிரியரே எழுதியிருக்காரே?

பதில்: எழுதினார், 2002ல. 2015ல ஒரு பள்ளி மாணவி டிஜிட்டல் பண்ணின பழைய பேப்பர்களைத் தேடி, ஆண்களுக்கான வேலைகள் உட்பட நிறைய விளம்பரங்களைக் காட்டி மறுத்துட்டாங்க.

கேள்வி (அதே நபர்): சில டஜன் விளம்பரத்தை வச்சு ஒரு சமூகமே ஒதுக்கப்பட்டதுன்னு சொல்லிடலாமா?

பதில்: நான் அப்படி சொல்லவே இல்லியே. விளம்பரம் இருந்துச்சா இல்லையாங்கிறது ஒரு கேள்வி, அதுக்கு பதில் இருந்துச்சு. எவ்ளோ பேர் வேலை இழந்தாங்கங்கிறது வேற. வெறுப்புக்கு ஆதாரம் வேணும்னா விளம்பரத்தையே ஏன் பிடிச்சுத் தொங்கறீங்க? 1844ல பிலடெல்ஃபியாவுல கத்தோலிக்க தேவாலயங்களை எரிச்சாங்க, 1854ல குடியேறிகளுக்கு எதிரான 'நோ நத்திங்' கட்சி மாசசூசெட்ஸ் தேர்தலையே அள்ளுச்சு, குடியுரிமைக்கு 21 வருஷம் காத்திருக்கணும்னு கேட்டதும் அவங்கதான். அஞ்சு எங்க, 21 எங்க. அந்த ஓட்டுக்குத்தான் பயந்தாங்க.

கேள்வி: ஐரிஷ் அடிமைகள் பத்தி ஒரு பதிவு போடுங்க.

பதில்: மேல படிங்க.

கேள்வி: ஒடுக்கப்பட்டவங்களே ஏன் 1863 நியூயார்க் கலவரத்துல கறுப்பின மக்களைத் தாக்கினாங்க?

பதில்: உள்நாட்டுப் போருக்கான கட்டாய ராணுவ சேவையில 300 டாலர் கட்டினா விலக்கு, தினக்கூலிக்கு அது கனவு. கோபம் அங்க ஆரம்பிச்சுது, ஆனா கலவரக்காரங்க கறுப்பினக் குழந்தைகளோட அனாதை இல்லத்தையே கொளுத்தினாங்க, அதுக்கு 300 டாலரைக் காரணம் காட்ட முடியாது. விடுதலையான கறுப்பின அடிமைங்க வந்தா கூலி போயிடும்னு ஜனநாயகக் கட்சிக்காரங்க சொல்லிச் சொல்லி வளர்த்த பயம் அது. 1840களோட ஆரம்பத்துலயே அயர்லாந்துலேர்ந்து ஓ'கானல் உட்பட சுமார் 60,000 பேர் கையெழுத்துப் போட்டு, அடிமைமுறையை எதிர்த்து நில்லுங்கன்னு அமெரிக்க ஐரிஷ் மக்களுக்கு வேண்டுகோள் அனுப்பினாங்க. பெரும்பாலானவங்க ஏத்துக்கல.