படி இறங்கும் முழங்காலுக்கு எந்தத் தீவு?

கேள்வி: எனக்கு 54 வயது, கணவருக்கு 59. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்டோபரில் ஒரு வாரம் ஏதாவது ஒரு தீவுக்குப் போய் நாள்தோறும் நடக்க வேண்டும் என்று ஆசை. இங்கே பூங்காவில் தினமும் ஐந்து மைல் நடக்கிறோம். கணவர் போர்ச்சுகலைச் சேர்ந்த மடெய்ராத் தீவின் மலைமுகட்டுப் பாதையை யூடியூபில் பார்த்துவிட்டு, போனால் அங்கேதான் என்கிறார். (எங்கள் வீட்டு நான்காம் மாடி பால்கனியில் துணி காயப்போடச் சொன்னாலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்!) நான் கிரேக்கத்தின் கிரீட் என்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்குமாம். தோழி ஒருத்தி லா கொமேரா என்கிறாள். அது எங்கே இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. இன்னொன்று, படி இறங்கும்போது எனக்கு இடது முழங்கால் வலிக்கும். ஏறும்போது ஒன்றும் இல்லை. நான் மரக்கறிதான். எங்கே போகலாம்?
— வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: சகோதரி, மூன்று தீவுகளின் பெயரை எழுதிவிட்டு, முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் ஒன்றை அடைப்புக்குறிக்குள்ளும் மற்றொன்றைக் கடைசியிலும் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு இறக்கம் ஆகாது. அவருக்குப் பள்ளம் ஆகாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் தீவைத் தேட வேண்டும். கடற்கரையும் ஹோட்டலும் பிறகு.

கிரீட்டை முதலில் தள்ளிவைப்போம். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அது 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த தீவு, ஒரு வாரத்தில் பாதி காரிலேயே கழியும். அங்கே நடக்கப் போகிறவர்கள் எல்லாரும் சொல்லும் சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர்; 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கிக் கடல்வரை கல்லும் கரடுமாக இறக்கம். முடிகிற ஊருக்குக் கார் வரும் சாலை கிடையாது, படகில்தான் வெளியே வர வேண்டும். உங்கள் முழங்காலுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பாதையை நான் தேடினாலும் கிடைக்காது.

மடெய்ரா விஷயம் அப்படி எளிதல்ல. அந்தத் தீவின் வட பக்கத்தில் மழை, தென் பக்கத்தில் வறட்சி. வடக்கின் தண்ணீரைத் தெற்கின் வயல்களுக்குக் கொண்டுவர, 15ஆம் நூற்றாண்டிலிருந்தே மலையைக் குடைந்தும் செதுக்கியும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். லெவாடா என்று பெயர். தண்ணீர் மெல்ல ஓட வேண்டும் என்பதால் வாய்க்கால் ஏறக்குறைய சமதளமாகவே மலையைச் சுற்றிப் போகும். அதைப் பராமரிப்பவர்கள் நடக்கும் வரம்புதான் இன்று நம் நடைபாதை. மலைநாட்டில் ஏற்ற இறக்கமே இல்லாத நடை. உங்கள் முழங்கால் கோயில் கட்டிக் கும்பிடும்.

இனி உங்கள் கணவரின் பக்கம். கால்டெய்ராவ் வெர்டே போன்ற புகழ்பெற்ற லெவாடாக்களில் பல இடங்களில் வரம்பு ஓர் ஆள் அகலம்தான். ஒரு கைப்பக்கம் இடுப்புக்குக் கீழே ஓடும் தண்ணீர், மறு கைப்பக்கம் மரங்களின் உச்சி தெரியும் ஆழம். கம்பிவேலி சில இடத்தில் உண்டு, சில இடத்தில் இல்லை. எதிரே ஒரு கூட்டம் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும், பெரும்பாலும் பள்ளத்தின் பக்கம். நடுவில் சுரங்கங்கள் வேறு: டார்ச் இல்லாமல் முடியாது, காலடியில் ஈரம், தலையைக் குனிந்தே போக வேண்டும்.

அவர் யூடியூபில் பார்த்தது அனேகமாக 1,818 மீட்டர் பிகோ டோ அரியெய்ரோவிலிருந்து 1,862 மீட்டர் பிகோ ருய்வோவுக்குப் போகும் பாதையாக இருக்கும். காட்சி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அது முழுக்கப் படிக்கட்டு. இறங்கி ஏறி, மறுபடி இறங்கி ஏறி, இருபுறமும் பாதாளம். கேமராவுக்குத் தலை சுற்றாது. உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆகாத பாதை அந்தத் தீவிலேயே அதுதான். அதையே அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்!

அதனால் என் வாக்கு தோழிக்கு. லா கொமேரா, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் இருக்கும் கனரித் தீவுகளில் ஒன்று. ஸ்பெயினைச் சேர்ந்தது, 370 சதுர கிலோமீட்டர்தான். லண்டனிலிருந்து நேரடி விமானம் இல்லை. பக்கத்துத் தீவான டெனெரீஃபின் தென் விமான நிலையத்தில் இறங்கி, லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கப்பலில் போய்விடலாம். மாலை விமானம் என்றால் கடைசிக் கப்பலைத் துரத்த வேண்டாம். அன்றிரவு துறைமுக ஊரிலேயே தங்குங்கள்.

தீவின் நடுவே மேட்டில் கரஹோனாய் தேசியப் பூங்கா. 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் மேகம் இலைகளில் பட்டுத் துளித்துளியாகச் சொட்டியே வளர்ந்த காடு. மரத்தின் தண்டெல்லாம் பாசி, வளைந்த கிளைகளுக்குள் பகலிலும் அரையிருட்டு, காலடியில் மெத்தென்ற மண். இருபுறமும் மரம் அடர்ந்திருப்பதால் பள்ளம் கண்ணில் படாது. கணவர் கம்பி தேட வேண்டியதில்லை.

அப்படியானால் இறக்கம்? மேட்டிலிருந்து கடலை நோக்கி எல்லாத் திசையிலும் ஆழமான பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்க அரை நாள் ஆகும் என்பதால்தான் அந்த ஊர்க்காரர்கள் சீழ்க்கையிலேயே பேசும் மொழியை வைத்திருந்தார்கள். இன்றும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் மேலே பஸ்ஸில் போய்க் கீழே நடந்து வரச் சொல்லும். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எல் செத்ரோ என்ற சிற்றூர்வரை டாக்ஸியில் போய், அங்கிருந்து காட்டுக்குள் ஓடை வழியாக மேலே சாலையோரம் இருக்கும் கொந்தாதேரோவுக்கு ஏறுங்கள், சுமார் 5 கிலோமீட்டர். மூச்சு வாங்கும், முழங்கால் வாங்காது. தெம்பு இருந்தால் அப்படியே 1,487 மீட்டர் கரஹோனாய் உச்சிக்கும் போகலாம். மேகம் விலகினால் கடலுக்கு அப்பால் டெனெரீஃபின் தெய்தே எரிமலை முழுசாகத் தெரியும். உச்சியிலிருந்து பஹாரீட்டோ சந்திப்புக்குக் கொஞ்ச இறக்கம்தான், அங்கே பஸ் பிடிக்கலாம். பஸ் நாளுக்குச் சில தடவைதான் வரும். முதல் நாளே நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் ஐந்து மைல் கணக்கு இங்கே செல்லாது. 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் ஐந்து மைல் சமதளத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். 600 மீட்டர் ஏற்றம் சேர்ந்தால் இரண்டரையைத் தாண்டும். இறக்கத்துக்கு அவர் ஒன்றுமே சேர்க்கவில்லை. நல்ல முழங்கால் போலிருக்கிறது. நடைக்கோல் இரண்டு வாங்கி, இப்போதிருந்தே ஹாரோ குன்றில் ஏறி இறங்கிப் பழகுங்கள். சப்பாத்தில் விரலுக்கு முன்னால் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் நகம் கருப்பது அங்கேதான்.

தங்குவதற்கு எர்மிகுவா பள்ளத்தாக்கு: வாழைத்தோட்டங்கள், அமைதி, காடும் பக்கம். பஸ்ஸையே நம்பியிருப்பீர்களானால் கப்பல் வந்து சேரும் தலைநகர் சான் செபஸ்தியான் நல்லது.

சாப்பாடு: உப்புநீரில் தோலோடு சுருங்க வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கும் காரமான மொஹோ சட்னியும் எங்கும் கிடைக்கும். அல்மொக்ரோதே என்ற பாலாடைக்கட்டித் துவையலை ரொட்டியில் தடவித் தின்னலாம். கீரை சூப்பை மட்டும் விசாரித்து வாங்குங்கள், பன்றி எலும்பு போட்டிருப்பார்கள். ‘பனைத் தேன்’ என்று போத்தலில் விற்பதைக் கட்டாயம் வாங்குங்கள். கனரிப் பனையின் குருத்தைச் சீவி இரவில் வடியும் சாற்றைக் காய்ச்சி எடுக்கிறார்கள். நம் பனம்பாணிக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

கணவர் மடெய்ராவை விடவே மாட்டேன் என்றால், ரிபெய்ரோ ஃப்ரியோவிலிருந்து பல்கொயிஸ் காட்சிமுனைக்குப் போகும் குட்டி லெவாடாவும், மச்சீகோ பக்கத்து வயல்வெளி லெவாடாவும் இருவருக்கும் ஒத்துவரும். அதிகாரபூர்வப் பாதைகள் பலவற்றுக்கு இப்போது கட்டணமும் முன்பதிவும் உண்டு. மண்சரிவு, காட்டுத்தீ என்று பாதைகளை மூடுவதும் வழக்கம், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபுன்ஷால் விமான நிலையத்தில் காற்று பலமாக வீசினால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தத் தீவானாலும் பயணக் காப்புறுதி எடுங்கள். உங்களிடம் இருக்கும் ஜிஹெச்ஐசி (பிரிட்டன் அரசு தரும் வெளிநாட்டு மருத்துவ அட்டை) அரசு மருத்துவமனைக்கு உதவும், மலையிலிருந்து உங்களைத் தூக்கி வருவதற்கு உதவாது. உங்களில் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் இரண்டு தீவுகளுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். அக்டோபர் என்றால் அதற்கு இப்போதே நாள் குறித்துவிடுங்கள்.